திரை நடக்கிறது, எனக்குத் தலை சுற்றுகிறது

வீடியோ கேம் டெஸ்டர் என்றால் நாள் முழுக்க ஜாலியாக விளையாடிவிட்டுச் சம்பளம் வாங்குகிற ஆள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் ஒரே கதவைப் பலவிதமாகத் திறந்து பார்த்து, எப்போது அது திறக்காமல் போகிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

எங்கள் ஆபீஸ் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த மாதிரி, ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் தயாரிக்கும் கேம்களில் குறை கண்டுபிடித்துச் சொல்வோம். சின்னச் சின்ன கேம்களை நாங்களே செய்தும் கொடுப்போம். ரொம்ப நாள் எனக்குச் செல்போன் கேம்கள்தான் வந்தன. ஒரே நிறப் பழங்களை வரிசையாக அடுக்குவது, சீட்டு விளையாடுவது, கோழி வளர்ப்பது. கண்ணுக்கும் வயிற்றுக்கும் எந்தத் தொந்தரவும் தராத சாதுவான விளையாட்டுகள். பிறகு அந்த வேலைகள் குறைந்துபோய், எங்கள் ஆபீஸே ஒரு பேய்க் கேம் செய்ய ஆரம்பித்தது. நாயகனுடைய கண் வழியாகவே எல்லாவற்றையும் பார்க்கிற வகை. அவன் முகம் தெரியாது. முன்னால் நீட்டிய இரண்டு கைகளும் ஒரு டார்ச் லைட்டும் மட்டும் தெரியும். அவன் திரும்பினால் திரையே திரும்பும். அவன் ஓடினால் திரையே ஓடும்.

அங்கிருந்து ஆரம்பித்தது என் கஷ்டகாலம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்குக் குமட்டி, நாக்குக்கு அடியில் எச்சில் ஊறினால், நீங்கள் நம் கட்சி. தைரியமாக மேலே படியுங்கள், எழுத்து ஆடாது.

பேய் வருவதற்கு முன்னால்

முதல் நாள் எனக்குக் கொடுத்த பகுதி, ஒரு பாழடைந்த பங்களாவின் சுழல் படிக்கட்டு. கீழேயிருந்து மேலே ஏற வேண்டும். எந்தப் படியிலாவது கால் மாட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். முதல் தடவை ஏறி இறங்கியதும் கொட்டாவி வந்தது. சரி, தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். அடுத்த தடவை நெற்றியில் வேர்த்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த தடவை வாயெல்லாம் எச்சில். காலையில் சாப்பிட்ட இட்லி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது.

மவுஸை அப்படியே போட்டுவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வர முடிந்தது. பக்கத்து சீட் யுவராஜ், என்னைப் போலவே டெஸ்டர், பல்லாவரத்துப் பையன், ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "இன்னாக்கா இது, பேய் வர்ற எடமே இன்னும் வரலியே!"

எந்த ரூட்?

குரோம்பேட்டையிலேயே ஒரு டாக்டரிடம் போனேன். தலைசுற்றல், குமட்டல், வண்டியில் போகும்போது வருகிற மாதிரி என்று சொன்னேன். "தினமும் எந்த ரூட்ல போறீங்க?" என்று கேட்டார். "ரூட் இல்ல டாக்டர், உக்கார்ந்த இடத்துலதான். கம்ப்யூட்டர்ல ஒருத்தன் படி ஏறுறான், எனக்கு வாந்தி வருது" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடவுள் புண்ணியத்தில் பொறுமைசாலி. நிதானமாக விளக்கினார். காதுக்குள்ளே இருக்கிற ஒரு சின்ன உறுப்புதான் உடம்பு அசைகிறதா இல்லையா என்று மூளைக்குச் சொல்கிறது. பஸ்ஸில் புத்தகம் படித்தால் காது "போகிறோம்" என்கிறது, கண் "சும்மா இருக்கிறோம்" என்கிறது. கேமில் அதற்கு நேர் எதிர்: கண் "ஓடுகிறோம்" என்கிறது, காது "நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இரண்டு சாட்சியும் முரணாகப் பேசினால் மூளை குழம்பிவிடுகிறது. அந்தச் சண்டையில் அடி வாங்குவது வயிறு.

ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூக்கம் வரும் என்று எச்சரித்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குமட்டலே இல்லை. ஆஹா, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்தபோது கை கீபோர்டின் மேலேயே இருந்தது. பின்னால் எங்கள் டீம் லீட் ஜெபா மேடம் நின்றுகொண்டிருந்தார். அவர் திட்டவில்லை. திரையைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "நித்யா, உன் ஆளு ரொம்ப நேரமா சுவத்துல முட்டிக்கிட்டே நிக்கிறான். கொஞ்சம் திருப்பி விடு."

மாதுளம்பழம்

கல்யாணமான பெண் ஒருத்தி அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடினால் நம் ஊரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஆபீஸில் யாரும் நேராகக் கேட்கவில்லை. ஆனால் என் நாற்காலி மாறியிருந்தது. முதுகுக்குச் சாய்மானம் உள்ளதாக எங்கிருந்தோ ஒன்று வந்திருந்தது. தண்ணி கேனை நான் தூக்கப் போனால் யுவராஜ் குறுக்கே வந்து நின்றான். எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. நானும் என் கணவர் தினேஷும் டாக்டர், டெஸ்ட், ஊசி என்று அலைந்து, கொஞ்ச நாள் எல்லாவற்றையும் நிறுத்தி வைப்போம் என்று முடிவு செய்திருந்த நேரம் அது. அதனால் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார எனக்கு என்னவோ போல இருந்தது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நாங்கள் முடிச்சூரில் மாடியில் இருக்கிறோம். கீழ்வீட்டில் அத்தை, என் மாமியார். தினேஷ் ஏதோ பேச்சுவாக்கில், "அவளுக்கு ரெண்டு மூணு நாளா வாந்திம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன், அத்தை மாடிக்கே வந்து காத்துக்கொண்டிருக்கிறார். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். உட்கார வைத்தார். ஒரு கிண்ணம் நிறைய மாதுளம்பழம், ஒரு முத்துகூட நசுங்காமல் உதிர்த்தது. அவ்வளவு பழத்தை உதிர்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எதுவும் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, அது இல்ல" என்றேன். "ஆபீஸ்ல ஒரு கேம். அதைப் பார்த்தா தலை சுத்துது. அதான் வாந்தி." சொல்லி முடித்ததும் எனக்கே அது நம்ப முடியாத பொய் போலக் கேட்டது. அத்தை கொஞ்ச நேரம் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அதை என் பக்கம் இன்னும் சற்று நகர்த்தி வைத்தார். "பரவால்லம்மா. மாதுளம்பழம் எல்லாருக்கும் நல்லதுதான்."

மானிட்டருக்குப் பொட்டு

அன்று ராத்திரி தனியாக அழுது முடித்த பிறகு, என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். வேலையை விட்டுவிடலாம். ஆனால் எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஒரு கேம் வெளியே போவதற்கு முன்னால் அதன் ஓட்டையைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. அதனால் ஒவ்வொன்றாக முயற்சி செய்தேன். நம் கட்சிக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எனக்குப் பலன் கொடுத்தவை மட்டும். அறையை இருட்டாக்காதீர்கள், திரையைச் சுற்றி நிஜமான சுவரும் ஜன்னலும் தெரிய வேண்டும். நாற்காலியைப் பின்னால் தள்ளுங்கள். முகத்தில் காற்று படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன். செட்டிங்ஸில் போய், திரும்பும்போது படம் மங்குவதை நிறுத்துங்கள். பார்வையின் அகலத்தைக் கூட்டுங்கள், குறுகலான பார்வைதான் பாதி வினை. வெறும் வயிற்றிலும் விளையாட வேண்டாம், முட்டச் சாப்பிட்டும் வேண்டாம். வாயில் ஒரு துண்டு இஞ்சி மொரப்பா.

எல்லாவற்றையும்விட உதவியது தற்செயலாகக் கிடைத்தது. கண்ணுக்கு ஆடாத ஒரு புள்ளி வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. ஒரு சின்னக் கறுப்புப் பொட்டை எடுத்து மானிட்டரின் நட்டநடுவில் ஒட்டினேன். பங்களா எப்படிச் சுழன்றாலும் பொட்டு அங்கேயே இருந்தது. கடலில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி. அன்று சுழல் படிக்கட்டின் உச்சிக்கு ஏறி, மேலேயிருந்த அறையையும் பார்த்துவிட்டு, கீழே இறங்கி வந்தேன். அப்போதுதான் யுவராஜ் டீ வாங்கிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரம் என் திரையையே பார்த்தபடி நின்றான். "இன்னாக்கா, சொல்லவே இல்ல, மானிட்டருக்குக் கண்ணாலம் ஆயிட்ச்சா?"

வீரத்தின் விலை

ஒரு தப்பு மட்டும் செய்யாதீர்கள். "இன்னும் கொஞ்சம்தான், தாங்கிக்கலாம்" என்று நினைக்காதீர்கள். கொட்டாவி வந்ததுமே எழுந்துவிட வேண்டும். ஒரு நாள், ஒரு பகுதியை முடித்தே ஆக வேண்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடித்தேன். பிறகு குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் ரயில் ஆடியது, தாம்பரத்தில் இறங்கினால் தரை ஆடியது. மேற்குப் பக்கம் ஷேர் ஆட்டோக்காரர் "முடிச்சூர், முடிச்சூர்" என்று கூவுகிறார். அந்தக் குறுக்கு சீட்டைப் பார்த்ததுமே பின்வாங்கினேன். பஸ் ஸ்டாப் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டு தினேஷுக்குப் போன் செய்தேன். அவர் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போனார். கம்பத்தை விட மனமில்லாமல்தான் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும், "அப்படி என்னதான் இருக்கு அதுல, நான் பாக்கறேன்" என்று என் லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டார். முறுக்கைக் கடித்துக்கொண்டே பங்களா முழுக்கச் சுற்றினார். தலைகீழாகத் திரும்பினார். குதித்தார். ஒன்றும் ஆகவில்லை. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே நித்யா" என்றார் ஆச்சரியமாக. கட்டிலில் படுத்திருந்த எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் பட்டதெல்லாம் கற்பனை என்று சொல்கிற மாதிரி இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முறுக்குச் சத்தம் நின்றது. அவர் லேப்டாப்பை மூடுவது கேட்டது. கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். பட்டறைச் சத்தத்தில், இவரோடு வேலை செய்கிற ஒருவருக்குக் காதுக்குள் எப்போதும் விசில் கேட்கிறதாம். அதே மெஷின் பக்கத்தில் நிற்கிற இவருக்கு ஒன்றும் இல்லையாம். அதைச் சொல்லிவிட்டு என் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். "எனக்கு வரலைன்னா உனக்கும் வரலைன்னு ஆயிடுமா? நாந்தான் மடையன்."

அத்தை பார்த்த ஆட்டம்

மழை பலமாகப் பிடித்த ஒரு நாள். எங்கள் பக்கம் மழை என்றாலே முதல் காரியமாக வண்டிகளை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம். தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். நான் மாடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்து பங்களா வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தபோது அத்தை ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "இதுதானா அது?" என்று பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் ஓடினேன், திரும்பினேன், ஜன்னல் வழியாகக் குதித்தேன். அத்தையிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டை மடித்து வைத்திருக்கிறார். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்.

பாயை விரித்துப் படுக்க வைத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன். இஞ்சி மொரப்பா கொடுத்தேன். எனக்கும் சுற்றியதால் நானும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் கூரையையே பார்த்துக்கொண்டு மழைச் சத்தம் கேட்டோம். "தினமும் இதையா பாக்குற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். வெயிட்டாக ஏதாவது இருந்தால் குமட்டல் அடங்குகிறதாம்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு காலை நேரம். நான் வேலைக்குக் கிளம்பிப் படியில் இறங்குகிறேன், கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டு அம்மாள் அத்தையிடம் குரலைத் தாழ்த்தி, "மருமகளுக்கு வாந்தின்னு கேள்விப்பட்டேன், விசேஷம்தானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பாதிப் படியில் நின்றுவிட்டேன். இந்தக் கேள்விக்கு அத்தை ஒவ்வொரு தடவையும் எப்படித் தலை குனிவார் என்று பார்த்திருக்கிறேன். இந்த முறை குனியவில்லை. சொல்லப்போனால் அவர் குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. "அவ பாக்குற வேலை அப்படி. சாதாரண ஆளுங்களால தாங்க முடியாது, நான் பாத்தேன்."

நடந்தால் தலை ஆடுமா?

எங்கள் கேமில் எனக்குப் பெரிய எதிரி ஒன்று இருந்தது. நாயகன் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் திரை மேலும் கீழும் லேசாக ஆடும். அதைச் செய்தவர் அரவிந்த், எங்கள் புரோகிராமர். அந்த ஆட்டத்துக்காக அவர் எவ்வளவோ உழைத்திருந்தார். மரத் தரையில் ஒரு மாதிரி, சேற்றில் ஒரு மாதிரி, பயத்தில் ஒரு மாதிரி. நான் அதைக் குறை என்று எழுதிப் போட்டேன். "தனிப்பட்ட உடல் பிரச்சினை, கேமில் குறை இல்லை" என்று எழுதி அந்தப் புகாரை மூடிவிட்டார். திரும்பத் திறந்தேன். திரும்ப மூடினார். கடைசியில் நேரிலேயே வந்தார். "நித்யா, நிஜத்துல நடந்தா தலை ஆடும்ல? அதைத்தான் வெச்சிருக்கேன். இது ரியலிசம்" என்றார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நானும் அவரும் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தோம். எதிரே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. நடந்துகொண்டே அதைப் படித்தேன். பளிச்சென்று ஒன்று தோன்றியது. "அரவிந்த், அந்த போர்டைப் பாத்துக்கிட்டே நடங்க. எழுத்து ஆடுதா?" என்றேன். நடந்தார். வேகமாக நடந்தார். லேசாக ஓடியும் பார்த்தார். துணி காயப்போட வந்த வாட்ச்மேன் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். அரவிந்த் செல்போனை எடுத்து வீடியோவில் வைத்து, அதே மாதிரி நடந்தார். பிறகு நிழலில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தார். அதில் போர்டு தூக்கித் தூக்கிப் போட்டது. தலை ஆடினாலும் கண் அதற்கு ஈடு கொடுத்து உலகத்தை நிறுத்தி வைத்திருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே அப்போதுதான் உறைத்தது. அவர் வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டார். "அப்போ நான் இத்தனை நாளா செஞ்சது மனுஷன் நடக்குறத இல்ல, கேமரா பிடிச்சிக்கிட்டு ஒருத்தன் நடக்குறத."

ரயில்காரர்

புரிந்துவிட்டால் உடனே மாறிவிடுமா? முதலாளிக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்தது. ஒரு டெஸ்டருக்காக மாற்ற முடியாது என்றார். அப்படியானால் வெளி ஆட்களை வைத்து விளையாடவிட்டுப் பார்ப்போம் என்று ஜெபா மேடம் ஏற்பாடு செய்தார். பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். யுவராஜ் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். மின்சார ரயில் ஓட்டுகிறவர். தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் இடையில் அவர் ஓட்டிய தூரத்தைச் சேர்த்தால் உலகத்தைப் பல சுற்று சுற்றியிருப்பார் என்று யுவராஜ் பெருமையடித்தான். "எங்கப்பாக்குலாம் தல சுத்தாதுக்கா. நீ வேணா பாரு."

காலேஜ் பிள்ளைகளில் பாதிப் பேர் உற்சாகமாக விளையாடினார்கள். சிலர் நடுவில் எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் போனார்கள், திரும்பி வரவில்லை. ரயில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, ரொம்ப அக்கறையாக, ஒரு சிக்னலைப் பார்க்கிற மாதிரி திரையைப் பார்த்தார். வராந்தா வரைக்கும் போனார். அப்புறம் மெதுவாக மவுஸை விட்டுவிட்டு, கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். யுவராஜுக்கு முகமே மாறிவிட்டது. முதல் முறையாக அவன் ஒரு கிண்டலும் செய்யாமல் ஓடிப்போய் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டேன். நிதானம் வந்ததும் அவர் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். "வண்டிய நான் ஓட்டும்போது ஒண்ணும் ஆவாதும்மா. இங்க வண்டி என்னை ஓட்டுது."

ஜெபா மேடம்

அதற்குப் பிறகு முதலாளி இறங்கி வந்தார். ஆட்டத்தை அடியோடு எடுக்க வேண்டாம், வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான் வைக்கலாம் என்று முடிவானது. கூடவே நடுப்புள்ளிக்கு ஒரு பொத்தான். என் பொட்டு இனிமேல் கேமுக்குள்ளேயே இருக்கும். அடுத்த பிரச்சினை, இந்தப் பொத்தான்கள் இருக்கிற செட்டிங்ஸ் பக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது. "தலைசுற்றல் உள்ளவர்களுக்கு" என்றார் ஒருவர். "எளிய முறை" என்றார் இன்னொருவர். எனக்குச் சுருக்கென்றது. எளிதாக விளையாடவா நான் இத்தனை பாடுபட்டேன்? ஜெபா மேடம்தான், "'வசதிக்கு ஏற்ப'ன்னு போடுங்க, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்ல" என்று முடித்து வைத்தார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு நன்றி சொல்லப் போனேன். அவர் பைக்குள் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டிருந்தார். "மேடம், ஒண்ணு கேட்கலாமா? இந்தக் கேமை நீங்க விளையாடி நான் பார்த்ததே இல்லையே" என்றேன். அவர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். தாம்பரம் பக்கத்துக் கிராமம் அவருக்கு. இந்த ஆபீஸ் ஆரம்பித்த நாளிலிருந்தே இருக்கிறவர். முதலில் எங்களைப் போலத்தான் டெஸ்டராக இருந்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து காட்டினார். உள்ளே எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அதே மாத்திரை அட்டை, பழசாகி ஓரம் மடங்கிப்போய். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் அந்த அறையில் நான் தனியாக இல்லை. "நான் ஏன் அவசரமா லீட் ஆனேன்னு நினைக்கிற? லீட் ஆனா விளையாட வேண்டாம்ல."

பேய் நன்றாக இருந்தது

கேம் வெளியே போனது. நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை, மோசமாகவும் போகவில்லை. விளையாடினவர்கள் எழுதுகிற கருத்துகளைப் படித்துத் தொகுப்பதும் டெஸ்டர் வேலைதான். பெரும்பாலும் பேயின் முடியைப் பற்றி, கேமின் விலையைப் பற்றி. ஒரு நாள் எந்த ஊர் என்றே தெரியாத ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். நண்பர்கள் எல்லோரும் இந்த வகைக் கேம்களைப் பற்றியே பேசுவார்களாம். இவர் வாங்கி, ஆரம்பித்து, குமட்டலில் நிறுத்தி, விளையாடி முடித்ததாகப் பொய் சொல்லிப் பேச்சில் கலந்துகொள்வாராம். இந்த முறை பொய் சொல்லத் தேவைப்படவில்லையாம்.

அரவிந்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். தன் இடத்துக்குப் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதையும் ஓடவிடாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தக் கருத்தில் பிடித்தது கடைசி வரி. நாங்கள் பட்ட பாடு எதுவும் தெரியாமல், தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல், சாதாரணமாக எழுதப்பட்ட வரி: "முதல் தடவையா ஒரு கதையோட முடிவு வரைக்கும் போனேன். பேய் நல்லா இருந்தது."

எனக்கு இன்னும் சுற்றுகிறது. அடுத்து ஒரு விமானம் ஓட்டுகிற கேம் வருகிறது, அதையும் முதலில் என்னிடம்தான் தரப்போகிறார்கள், ஏனென்றால் எந்தத் திருப்பம் ஆளைக் கவிழ்க்கும் என்பதை எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடிக்கிற கருவி என்னிடம் மட்டும் இருக்கிறதாம். எல்லோரும் வயிற்றுப் பிழைப்பு என்று பேச்சுக்குத்தான் சொல்கிறார்கள். நான் நிஜமாகவே வயிற்றை வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.